அவர் சொன்ன ஒரே பொய்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மேலப்பாளையத்தில் என் வீட்டு வாசலில் மீன்காரரிடம் பேசிக்கொண்டு நின்றேன். உள்ளே கைப்பேசி அடித்தது. என் மனைவி எடுத்தாள். "ஆமா... சொல்லும்மா... எப்ப?" என்று அவள் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டேன். மறுமுனையில் தேவபிரான் சாரின் மகள் வைதேகி. "காஜா மாமா, அப்பா விடியக்காலம் போயிட்டார். தூக்கத்துலயே போயிட்டார். சொந்தக்காரா யாருக்கும் இன்னும் சொல்லலை. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள். நான் "இன்னாலில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் ஓதுவதை ஓதினேன். மீன்காரர் வாசலிலேயே காத்திருந்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அரசு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவருடைய ஊர்க்காரர்களுக்கும், சில ஆண்டுகளுக்கு முன்னால் அவர் பெயரைச் சுவரில் ஒட்டித் திட்டியவர்களுக்கும், அதே பெயரைச் சுவரில் ஒட்டிப் பாராட்டியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அவர் முதுநிலை வேதியியலர். நான் அவருக்குக் கீழே ஆய்வக நுட்பநர். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் திருச்செந்தூர் பாசஞ்சரில் வருவார். நெற்றியில் திருமண், மேலே வெள்ளைக் கோட்டு. ஊர்ப் பெருமாள் வீதியுலா வரும்போது முன்னே பாசுரம் சொல்லிக்கொண்டு போகும் கோஷ்டியில் அவர் குரல்தான் கனமான குரல் என்று சொல்வார்கள். ஆய்வகத்தில் அந்தக் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. வேலை நேரத்தில் பேச்சு குறைவு.

நான் வேலையில் சேர்ந்த வருடத்து மழைக்காலம். தன் ஊர்க் கோயில் கிணற்றுத் தண்ணீரை அவரே ஒரு பாட்டிலில் எடுத்து வந்திருந்தார். அந்தத் தண்ணீரில்தான் துளசி போட்டுத் தீர்த்தம் கொடுப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது சோதனைக் குழாய்கள் எல்லாவற்றிலும் வாயு சேர்ந்திருந்தது. தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நாமம் போட்ட மனிதர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். "குடிக்கத் தகுதியற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அர்ச்சகர் கிணற்றடியில் மறித்தாராம். "தீர்த்தத்துல மருந்தைக் கொட்டப் போறீரா ஓய்?" இவர் சொன்ன பதிலை மறுநாள் என்னிடம் சொன்னார்: "பெருமாளுக்குக் காலரா வராது ஓய். குடிக்கிற நமக்கு வரும்." கொட்டிவிட்டு, குளித்துவிட்டு, கோஷ்டியில் போய் நின்று பாசுரம் சொல்லியிருக்கிறார். அவருக்கு இரண்டும் இரண்டு வேலைகளாகத் தெரியவில்லை.

அடுத்து என் முறை வந்தது. எங்கள் தெருப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுள் என்ற தொட்டித் தண்ணீரால் பிள்ளைகளுக்குக் கண்வலி வருகிறது என்று ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. நான்தான் தண்ணீர் எடுத்து வந்தேன். முடிவு மோசமாக இருந்தது. அப்போது பள்ளிவாசல் செயலாளராக இருந்தவர் என் தாய்மாமா. "சார், கொஞ்சம் பாத்து எழுதுங்க. எங்க பள்ளி" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உம்ம பள்ளியாச்சேன்னு நான் ஒரு சைபரைக் குறைச்சா, நாளைக்கு எங்க கோயிலுக்கு ரெண்டு சைபர் குறைக்கணும்வே. அப்புறம் இந்த லேப் எதுக்கு? பூட்டிட்டு நீர் தொழப் போம், நான் சேவிக்கப் போறேன்." எனக்கு முகம் சிறுத்துப் போனது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலப்பாளையத்துக்கு வந்துவிட்டார். ஹவுளை இறைத்து, சுவரைத் தேய்த்து, எவ்வளவு குளோரின் போட வேண்டும் என்று பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அன்று என் வீட்டில் தேநீர் குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. தண்ணீர்கூட வாங்கவில்லை. ஆசாரம். பத்தொன்பது ஆண்டுகளில் அது மாறவே இல்லை. பின்னாளில் என் மகள்களின் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. செத்தவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிட்டால் அது அவருக்கே பிடிக்காது.

இனி அந்தத் திருவிழாவுக்கு வருகிறேன்.

ஆற்றில் லட்சக்கணக்கானவர்கள் வந்து நீராடும் பெருவிழா அது. அந்தப் படித்துறையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் அந்தப் பெயர்தான் பேச்சாகும், விஷயம் போய்விடும். படித்துறைக்கு மேலே, ஒரு கல்லெறி தூரத்தில், நாணலுக்குப் பின்னால் ஊர்ச் சாக்கடை ஒன்று ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. பல காலமாக அது அங்கேதான் இருக்கிறது. மாறி மாறி வந்த எல்லா ஆட்சிகளும் அதைப் பார்த்திருக்கின்றன. விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, குளிக்கும் இடத்துத் தண்ணீரைச் சோதித்து அனுப்பும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. நான் போன அன்று சாருடைய தகப்பனாருக்குத் திதி. அவர் விடுப்பில் இருந்தார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், மூன்றாவது படியில் முழங்கால் ஆழத்தில் நின்று தண்ணீர் எடுத்தேன். பதிவேட்டில் நேரத்தையும் என் பெயரையும் எழுதினேன்.

குழாய்கள் எல்லாம் பொங்கியிருந்தன. சார் மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் என்று கேள்விப்பட்டவர் முகம் போல இருந்தது. அவர் தினமும் குளித்து எழுகிற ஆறு. அறிக்கையில் "இவ்விடம் நீராடத் தகுதியற்றது" என்று எழுதியதோடு நிற்கவில்லை. சாக்கடையை விழா முடியும்வரை அணை கட்டி மறித்து லாரியில் இறைக்கலாம், அல்லது அரை மைல் மேற்கே இருக்கும் பழைய படிகளில் மக்களைக் குளிக்க வைக்கலாம், அங்கே வழக்கமாக எடுத்துச் சோதிக்கும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வழியும் எழுதினார். விழாவை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை அதில் இல்லை.

நான்காவது நாள் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தார். விழா மேடை அந்தப் படித்துறையில்தான் போடப்பட்டிருந்தது. பெரிய மனிதர்கள் வந்து முழுகப் போவதும் அங்கேதான். "கரையோரத்துல எடுத்தா அப்படித்தான் இருக்கும். நடு ஆத்துல எடுத்துப் பாருங்களேன்" என்றார். சார் பணிவாகத்தான் பதில் சொன்னார். "நடு ஆத்துல யாரும் குளிக்கலையே சார்." அதிகாரி எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாளில் அறிக்கை எப்படியோ வெளியே கசிந்தது. ஊரில் இரண்டு விதமான சுவரொட்டிகள் முளைத்தன. ஒன்று, "தாமிரபரணித் தாயை அவமதித்த அதிகாரி மீது நடவடிக்கை எடு!" இன்னொன்று, "புண்ணிய நதியா, சாக்கடையா? அரசு விஞ்ஞானியே அம்பலப்படுத்தினார்!" இரண்டிலும் அவர் பெயர் இருந்தது. இரண்டும் ஒரே அச்சகத்தில் அடித்தவை என்பதை அடியில் இருந்த சிறிய எழுத்தைப் படித்து அவர்தான் எனக்குக் காட்டினார். அன்று அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அதிகம் சிரிக்கவில்லை.

பாராட்டியவர்கள் முதலில் வந்தார்கள். மறுநாள் அவர்கள் நடத்தும் கூட்டத்தில் மேடையேறிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மாலை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். "நான் ஆத்தைப் பத்தி ஒரு குறையும் எழுதலையே. சாக்கடையைப் பத்தித்தான் எழுதினேன். உங்க ஆளுங்க அதிகாரத்துல இருந்தப்பவும் அந்தச் சாக்கடை அங்கதானே விழுந்துது? அன்னைக்கு ஏன் மாலை கொண்டுவரலை?" என்று கேட்டார். அவர்களில் படித்தவர் ஒருவர், "சார், உங்க நெத்தியில இருக்கதை அழிச்சிட்டு வந்தா நீங்க இன்னும் பெரிய விஞ்ஞானி" என்றார். "தண்ணியை நெத்தியா சோதிக்குது? குழாய்தானேவே சோதிக்குது" என்று இவர் சொல்ல, அவர்கள் மாலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் மற்றவர்கள் வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். நான் உள்ளறையில் இன்குபேட்டர் பக்கத்தில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. முன்னால் வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சாமி, நீங்க நம்ம ஆளு. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தண்ணிய எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. இங்கன ஒரு பாய் வேலை பாக்குதானாமே? எங்கேருந்து எடுத்தான், என்னத்தக் கலந்தான்னு அவன்கிட்ட நாங்க கேட்டுக்கிடுதோம்." பின்னால் நின்ற ஒரு இளவட்டம் கத்தியது: "ஏலே, கேட்டுக்கிட்டு நிக்கியே, உள்ள போயிப் பாருலே!"

பதிவேடு சாரின் மேஜையில் விரித்தபடி கிடந்தது. என் பெயர் இருந்த பக்கம். அவர் அதை மூடினார். இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"யாரும் எதையும் கலக்கலை. தண்ணி எடுத்தது நான்" என்றார்.

"நீங்களா?"

"நான்தான். என் கையால எடுத்தேன். கேக்கணும்னா என்னைக் கேளும்."

ஒரு சைபரைக் குறைக்க மாட்டேன் என்று என்னைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பொய்யைக் கேட்டேன். வந்தவர்களில் ஒருவர் மேஜையில் இருந்த கண்ணாடிக் குடுவையைத் தட்டிவிட்டுப் போக, மற்றவர்களும் போனார்கள். நான் வெளியே வந்தபோது அவர் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "காஜா, நீர் பின்வாசல் வழியா பைய வீட்டுக்குப் போம். ரெண்டு நாள் வர வேண்டாம்" என்றார். நான் போனேன்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். அன்று அவர் விடுப்பில் இருந்தார் என்பதற்கு அவருடைய விடுப்புக் கடிதமே இருந்தது. பதிவேட்டில் என் பெயர் இருந்தது. ஆனால் தண்ணீர் எடுத்தது தான்தான் என்று பதினைந்து பேர் முன்னால் அவர் சொல்லியிருந்தார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் காலை என் பெயர்தான் சுவரில் இருந்திருக்கும். பெயர் மட்டும் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "எனக்கு என்ன சொல்லணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். நீர் என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். உமக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. யோசிச்சுச் சொல்லும்."

உள்ளே போய், தண்ணீர் எடுத்தது தான்தான் என்றே அவர் சொன்னார். விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இந்தத் தண்ணிய நீங்க எடுத்தீங்களா, அவர் எடுத்தாரா?"

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அதோடு முடிந்தது. மாதிரி எடுத்தவர் யார் என்பதே தெளிவாக இல்லாததால் அறிக்கையை ஏற்க இயலாது என்று எழுதினார்கள். மறுபடி எடுத்துச் சோதிக்க நாள் இல்லை என்றும் எழுதினார்கள். தண்ணீர் சுத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. திருவிழா அதே படித்துறையில், அதே சாக்கடைக்குக் கீழே நடந்தது.

விழாவின் முதல் நாள் காலை நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. கூட்டத்துக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தபோது, இடுப்பளவு தண்ணீரில் தேவபிரான் சார் நின்றுகொண்டிருந்தார். முழுகவில்லை. கைக்குழந்தையோடு இறங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "அம்மா, குழந்தை வாயில தண்ணி போகாமப் பாத்துக்கோங்கோ. தலையில மட்டும் தெளியுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டர் என்று நினைத்து அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெயில் ஏறும்வரை நின்றார். மறுநாளும் நின்றார். விழா முடியும்வரை தினமும் நின்றார். அவர் கால்களில் சிரங்கு வந்து ஆற இரண்டு மாதம் ஆனது. நான் ஒரு நாள்கூட இறங்கி அவர் பக்கத்தில் போய் நிற்கவில்லை. தொப்பியும் தாடியுமாக நான் அங்கே நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழா முடிந்ததும் அந்த மேலதிகாரி வந்து, "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகலையே" என்றார். ஆய்வகத்தில் எல்லாரும் அங்கே நின்றோம். சார் சொன்னார்: "ஆகாம இருந்தது நல்லதுதானே சார். ஆகணும்னா நான் வேண்டிக்கிட்டேன்?" ஆற்றங்கரைத் தெருக்களில் அந்த மாதம் வயிற்றுப்போக்கு அதிகம் என்று எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் சொன்னாள். ஓடிவந்து அவரிடம் சொன்னேன். ஒரு வெற்றி போலச் சொன்னேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "அது ஆத்துத் தண்ணியாலதான்னு உம்மால நிரூபிக்க முடியுமா? முடியாததைச் சொன்னா அவங்களுக்கும் நமக்கும் என்னவே வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அவரை வடக்கே ஒரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதைவிட அவரை ஒடித்தது ஊரில் நடந்தது. கோஷ்டியில் பெரியவர் ஒருவர், "கொஞ்ச நாள் தள்ளி இருங்கோ, பேச்சு அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பேச்சு அடங்கி வருடங்கள் ஆயின. திரும்ப யாரும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு, பெருமாள் புறப்பாட்டின்போது கூட்டத்தின் கடைசியில், சுவரோரமாக நின்று, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பாசுரம் சொல்வார் என்று வைதேகி என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். மலைக் கோயிலானாலும் ஆற்றங்கரைக் கோயிலானாலும் பெருமாள் தனக்கு ஒருவர்தான் என்று சொல்லி வேறு எந்த ஊர்க் கோயிலுக்கும் அவர் போகவில்லை.

நான் அவரைப் போய்ப் பார்த்தது மிகக் குறைவு. போனாலும் தண்ணீர், மழை, வைதேகியின் வேலை என்று பேசிவிட்டு வருவேன். விசாரணை அறையைப் பற்றி நான் பேசவில்லை. அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்கு மாதம் முன்பு, சிறுநீரகம் கெட்டு, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். நான் போனபோது வைதேகி மருந்து வாங்கப் போயிருந்தாள். "அந்தச் சாக்கடையை அடைச்சாங்களா காஜா?" என்று கேட்டார். "இல்ல சார். புதுசா ரெண்டு தெருவை அதுல சேத்துருக்காங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழப் போனபோது பேசினார்.

"சர்வீஸ்ல நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். சொன்னதுக்கு வருத்தம் இல்லை. அன்னைக்குத் திரும்ப நடந்தாலும் சொல்லுவேன். ஆனா அது நல்ல பொய்யுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதேயும். அதனால ஒரு நிஜம் செத்துப் போச்சு."

என் வாய் அப்போதுதான் திறந்தது. "நான் எழுதிக் குடுக்கட்டுமா சார்? இப்பவாவது? தண்ணி எடுத்தது நான்தான்னு?"

"எழுதும். எனக்காக வேண்டாம். எனக்கு இனிமே என்ன? அந்தப் படியில பொம்பளைங்க இன்னும் குளிச்சிண்டுதானே இருக்கா. அவாளுக்காக எழுதும்."

சரி என்றேன். நோன்பு முடியட்டும் என்று நினைத்தேன். பெருநாள் முடிந்தது. மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். தாளை எடுத்து வைத்து மூடினேன். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

அன்று பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. தெருவில் அதிகம் பேர் இல்லை. கோஷ்டியிலிருந்து ஐந்து பேர் வந்து உடலுக்கு முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். நான் சற்று எட்டி நடந்தேன். அவரைத் தள்ளி இருக்கச் சொன்ன பெரியவரும் அதில் இருந்தார். எல்லாம் முடிந்து ஆற்றங்கரையில் எல்லாரும் கலைந்தபோது, ஈர வேட்டியோடு அவரே என்னிடம் வந்தார். "பாய், நீங்கதானே காஜா? அவர் உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவார்" என்றார். பிறகு, "ஏன் என்னைத் தள்ளி வெச்சேள்னு கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அவர். கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"அன்னைக்குத் தண்ணி எடுத்தது அவர் இல்ல சாமி. நான்" என்றேன்.

அவர் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போனார்.

வீட்டுக்கு வந்து அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் மகன், "இப்பப் போயி எதுக்கு வாப்பா? அவங்களும் மவுத்தாயிட்டாங்க. உங்க பென்ஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. விசாரணை நாளில் நானும் அதைத்தான் கேட்டேன், என்னையே. கடிதத்தை முடித்து, துறைத் தலைமைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தண்ணீர் எடுத்த இடம், எடுத்த விதம், பெட்டியை எந்த பஸ்ஸில் கொண்டுவந்தேன் என்பதுவரை எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கை சரியானது. அதைச் செல்லாது என்று தள்ளியதற்கு நான் சொன்ன "ஞாபகம் இல்லை" ஒரு காரணம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இதுவரை பதில் இல்லை. சாக்கடை விழுந்துகொண்டிருக்கிறது.

தேவபிரான் சார் எழுதிய அறிக்கைகள் அரசாங்கத்துடையவை. அவர் சொன்ன பாசுரங்கள் அவருடைய பெருமாளுடையவை. தண்ணீரைப் பற்றி அவர் சொன்ன நிஜங்கள், குடிக்கிற, குளிக்கிற எல்லாருக்கும் பொது. அவற்றில் எனக்கென்று தனி உரிமை இல்லை. அவர் சொன்ன பொய் ஒன்றுதான் எனக்காக மட்டும் சொன்னது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.